வேலையைப் பார், ஆளின் அந்தரங்கத்தைப் பாராதே!

(சிகந்தராபாத்தில் நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த நம் பெரியவர்கள் 'முல்கி' என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். 1919-இல் நிஜாம் அரசு வகுத்த விதிப்படி அரசு வேலை உள்ளூர்க்காரருக்கே. அதை ஒட்டி 1952-இலும் 1969-இலும் இங்கே பெருங்கிளர்ச்சிகள் நடந்தன. உள்ளூர் மக்களின் குறையிலும் நியாயம் இருந்தது. ஆனால், கைவேலையைப் பாராமல் ஆளைப் பார்த்துக் கதவை மூடினால் எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அந்த வலியை இன்று சுமப்பவர்கள் தன்பாலீர்ப்பினர். அதாவது ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும். "நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்று கேட்காதீர்கள். அவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நம் வீடுகளில் பிறந்தவர்கள், நம் பக்கத்து மேஜையில் வேலை செய்பவர்கள்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது 377-ஆம் பிரிவின்படி குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. சிறைப் பயம் போயிற்று. வேலைப் பயம் போயிற்றா?

2010-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் வீட்டுக்குள் கேமராவுடன் புகுந்தார்கள். பல்கலைக்கழகம் அவரையே சஸ்பெண்டு செய்தது. ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தம் வாடகை அறையில் பிணமாகக் கிடந்தார்.

உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஊர்க்காவல் படை ஊழியரை 2019-இல் இதே காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். 2021-இல் அதே உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது.

இவர்களுக்கு நீதிமன்றப் படியேற வழி இருந்தது. ஏன்? அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவுகள் அரசையும் அரசு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவைப் பொதுவாக சார்ஜ் ஷீட்டும் விசாரணையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் தனியார் கம்பெனியிலும் காண்டிராக்டரிடமும் இருக்கிறார்கள். "நாளை முதல் வராதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போச்சு! 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, ஆள் எடுப்பதிலும் சம்பளத்திலும் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. பாலீர்ப்பு என்ற சொல் அதில் இல்லை. தென்னாப்பிரிக்காவோ 1996-லேயே தன் அரசியல் சட்டத்தில் அந்தச் சொல்லை எழுதிவிட்டது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலை மறுப்பதும், நீக்குவதும், பதவி உயர்வைத் தடுப்பதும் குற்றம் என்று சட்டம் வேண்டும். தனியார் துறைக்கும் அது பொருந்த வேண்டும். அதுவரை, நிர்வாகத்திடம் கொடுக்கும் ஒவ்வொரு கோரிக்கைப் பட்டியலிலும் தொழிற்சங்கங்கள் இதை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாமும் சங்க அறையில் உட்கார்ந்து இவர்களைக் கேலி பேசியிருக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்டபின், வேலை போனாலும் எந்தத் தோழன் நம்மிடம் வந்து சொல்வான்? சட்டம் டில்லியிலிருந்து வர வேண்டும். அந்தச் சிரிப்பை நிறுத்த டில்லி வேண்டாம். இன்றே நாம் நிறுத்தலாம்.