ஹேசலும் என் மாணவியும்



ஜான் கிரீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்னும் நாவலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். காதற்கதையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும்.

கதாநாயகி ஹேசலுக்கு வயது 16. தைராய்டுச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் அவளுடைய நுரையீரலுக்கும் பரவிவிட்டது. பிராணவாயுச் சிலிண்டரை இழுத்துக்கொண்டே அவள் நடமாடுகிறாள். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த அகஸ்டஸ் என்னும் இளைஞனை நோயாளிகள் கூட்டமொன்றில் சந்திக்கிறாள். தான் மறைந்தால் தன்னை நேசிப்பவர் நொறுங்கிப்போவரே என்று அஞ்சி விலகி நிற்க முயல்கிறாள். முடியவில்லை.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. தனக்குப் பிடித்த ஒரு நாவல் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டதே, பிறகு என்ன ஆயிற்று என்று அதன் ஆசிரியரிடமே கேட்பதற்காக ஹேசல் ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள்! அந்த மனிதரோ குடித்துவிட்டு அவளை இழிவாகப் பேசுகிறார். அவளும் சும்மா விடவில்லை. சினந்து திருப்பிக் கேட்கிறாள். கிரீன் இளமையில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் சமயத் துணைவராகப் பணியாற்றியவர். ஆகவேதான் அவருடைய நோயாளிகள் படுக்கையில் கிடக்கும் தெய்வப் பிறவிகளாக இல்லை போலும்.

இக்கதை ஜாம்ஷெட்பூருக்கு மாற்றப்பட்டு, ஏ. ஆர். ரஹ்மான் இசையில், ‘தில் பேச்சாரா’ என்ற இந்திப் படமாக 2020-இல் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நாயகனாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் மறைந்தார். அந்தத் துயரத்தில் கதையின் பெண்ணைப் பலர் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

நானும் ஒரு பெண்ணைக் கவனிக்காதவனே. சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்திலிருந்து வந்து என்னிடம் பயின்றவள் அவள். தொண்டையில் கிருமி தொற்றியதன் பின்விளைவாகச் சிலருக்கு வாதக் காய்ச்சல் வரும். அது இருதய வால்வைப் பழுதாக்கிவிடும். அவளுக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று வாரத்திற்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி. நான் இரங்கினேன். நாடகம் வேண்டாம், சுற்றுலா வேண்டாம் என்றேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாலும் ஒன்றும் சொல்லேன். மருத்துவர் எதை அனுமதித்தார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பள்ளியை விட்டுப் போகும் நாளில் அவள் சொன்னாள்: “மூணு வருஷத்துல நீங்க என்னை ஒரு தடவைகூடத் திட்டலையே, சார்.”

நன்றி சொல்கிறாள் என்றே நினைத்து மகிழ்ந்தேன். பல ஆண்டுகள் கழிந்து ஹேசலின் கதையைப் படித்தபோதுதான் அது குற்றச்சாட்டு என்பது விளங்கிற்று.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு செம்மநத்தத்திற்குச் சென்றேன். காப்பிக்கொட்டை உலரும் களத்தோரம் அமர்ந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் போனபோது, “இந்தப் பொண்ணு ரொம்பப் பேசுறா, சார், முடிவும் எனக்குப் பிடிக்கலை” என்றாள். “நீ அவசரமாகப் படித்திருக்கிறாய், கடைசி அத்தியாயத்தை மறுபடியும் படி” என்று சற்றுக் கடிந்தே சொன்னேன். அவளும் விடவில்லை. பொழுது சாயும்வரை வாதாடிக்கொண்டிருந்தோம்.