நர்சிங் முடித்தவர்கள் வேலை தேடத் தொடங்குவது எப்போது?

(மட்டாஞ்சேரி உபசபைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் இஞ்ஜினீயரிங், சி.ஏ., பேங்க் பரீட்சை என்றால் வழி சொல்ல மாமா, சித்தப்பா என்று பத்துப் பேர் உண்டு. நர்சிங் முடித்த பெண்ணுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. 'டாக்டர் என்றால் சரி, நர்ஸா?' என்று ஒரு தலைமுறை முகம் சுளித்ததன் பலன் இது. நான் சயன்ஸ் பட்டதாரி. அரசுப் பணியில் பல வருஷம் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன். விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எப்போது தொடங்குவது? ரிசல்ட் வந்த பிறகு அல்ல, பி.எஸ்ஸி. நான்காம் வருஷத்திலேயே. முதல் காரியம் பேப்பர்களைச் சரி செய்வது. நம்மவர்களுக்கு இனிஷியல்தான் பெரிய தொல்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு மாதிரி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி. எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ரிசல்ட் வந்தவுடன் கவுன்சில் பதிவு. டிகிரி மட்டும் போதாது. இங்கே படித்தவர்கள் திருவனந்தபுரத்திலுள்ள கேரள நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலிலும், மற்றவர்கள் தத்தம் மாநிலக் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பரீட்சை. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர்களுக்கு அதற்கு முன்அனுபவம் தேவையில்லை. ஆகவே படித்தது மறப்பதற்குள் எழுதிவிடுவது நல்லது. கேரள பி.எஸ்.ஸி. அறிவிப்புகளையும் பார்த்து வரவும்.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது. பக்கத்துக் கிளினிக் சௌகரியம்தான். ஆனால் வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். ஐ.சி.யு. உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ.20,000 என்று கேரள அரசு 2018 ஏப்ரலில் அறிவித்தது. அவர்கள் போராடிப் பெற்றது அது. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. வேலையை விடும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை பார்த்த வார்டு எல்லாம் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

வெளிநாடு என்றால் எச்சரிக்கை தேவை. 2015-ல் நம் கொச்சியிலேயே, குவைத்துக்கு நர்ஸுகளை அனுப்ப ரூ.19,500 வாங்க வேண்டிய இடத்தில் ஒரு ஏஜென்சி தலைக்கு ரூ.19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. நிலத்தை அடமானம் வைத்துக் கொடுக்க வேண்டிய தொகை! கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவற்றை முதலில் அணுகுங்கள். ஜெர்மனிக்கு நர்ஸுகளை அனுப்ப நோர்க்கா 2021-ல் அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையுடன் ஒப்பந்தம் செய்தது; ஜெர்மன் பாஷை கற்க வேண்டும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. பரீட்சை தேவை. தனியார் ஏஜென்ட் என்றால் லைசென்ஸ் உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'வரன் அமையட்டும், அப்புறம் வேலை' என்று பெண்ணை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். கைப்பழக்கம் போய்விடும்; அந்த இடைவெளிக்கு ஒவ்வொரு இண்டர்வியூவிலும் காரணம் சொல்ல வேண்டிவரும். நைட் ட்யூட்டி உண்டுதான். ராத்திரி இரண்டு மணிக்கு நம் வீட்டுப் பெரியவருக்கு ஆக்ஸிஜன் வைப்பதும் யாரோ ஒருவர் பெற்ற பெண்தானே!