குறியும் நெறியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, இலக்கியம் பேச இங்குப் புலவர் பலர் இருக்க, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தராகிய நான் எதைப் பேசுவது என்று எண்ணினேன். அறிந்ததைப் பேசுவதே முறை என்று தெளிந்தேன். கடந்த மூன்றாண்டுகளாக ஞாயிறுதோறும் காலையில், நம் பெங்களூர் நகரில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பழகும் உள்ளரங்கக் குறிசுடு கூடம் ஒன்றில் காற்றுத் துப்பாக்கி பழகி வருகிறேன். அதைப் பற்றியே இன்று பேசுவேன். இறுதியில் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளும் வைப்பேன்.

'துப்பாக்கி' என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார் சிலர் முகம் மாறுவதைக் காண்கிறேன். சென்ற மாதம் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் என்னுடன் கூடத்திற்கு வர விரும்பினார்கள். பெற்றோர் இசையவில்லை. அவர்கள் சொன்ன தடைகள் மூன்று. துப்பாக்கி உயிர் கொல்லும் கருவி. அதைத் தொட்டால் பிள்ளைகளின் மனம் கல்லாகிவிடும் என்பது ஒன்று. பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பர் என்பது மற்றொன்று. அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு. மாதச் சம்பளக்காரர்க்கு ஏற்றதன்று என்பது மூன்றாவது. மூன்றும் சிந்திக்கத் தக்கவையே. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் அக்கூடம் எத்தகையது என்று சொல்ல வேண்டும். நீண்ட ஓர் அறை. ஒரு முனையில் வரிசையாகச் சிறு மேசைகள். அவற்றின்முன் ஒரு கோடு. அக்கோட்டிலிருந்து பத்து மீட்டர் தொலைவில், விளக்கொளியில், இலக்கு அட்டைகள். காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்திய காற்றே 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அட்டையின் நடுவே பத்துப் புள்ளி பெறும் இடம் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? அரை மில்லிமீட்டர் அகலமே உடைய ஒரு புள்ளி! நம் வீட்டில் களி கிண்டும் கேழ்வரகின் ஒரு மணி அதனினும் பெரிது. பத்து மீட்டருக்கு அப்பால் அப்புள்ளி கண்ணுக்கே தெரியாது. அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் நடுவை நோக்கியே சுடுகிறோம்.

அங்கே கட்டளையின்றி எதுவும் நிகழாது. 'லோடு' என்றால்தான் குண்டு நிரப்பலாம். 'ஸ்டார்ட்' என்றால்தான் சுடலாம். 'ஸ்டாப்' என்ற குரல் கேட்டால், விரல் விசையின்மேல் இருந்தாலும் அக்கணமே எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியின் வாய் எந்நேரமும் இலக்கின் பக்கமே நோக்கியிருக்க வேண்டும். அதில் குண்டு இல்லையென்று தெரிந்திருந்தாலும் விதி மாறாது. சுடாத வேளையில் குழலினுள்ளே பளிச்சென்ற நிறமுடைய ஒரு கயிற்றைச் செருகி வைக்க வேண்டும். குழல் வெறுமையாயிருக்கிறது என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. குண்டு ஈயமாதலால், பழகி முடிந்தபின் கை கழுவாமல் சிற்றுண்டியைத் தொடலாகாது. சிக்னல் விழாமல் வண்டி நகரலாகாது என்ற ஒழுங்கிலேயே வாழும் இரயில்வே குடும்பத்தினர்க்கு இந்த ஒழுங்கு புதியதன்று.

இனி, முதல் தடைக்கு விடை கூறுவேன்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூறு போற்றுகிறது. அது வேட்டை. நான் சொல்லும் இக்கலையில் வேட்டை இல்லை. வீழ்வது எதுவும் இல்லை. அட்டையில் ஒரு துளை விழுகிறது, அவ்வளவே. இந்தியத் தேசியத் துப்பாக்கிக் கழகம் 1951இல் தோன்றியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? காந்தியடிகளின் வழிநின்று விடுதலைப் போரில் சிறை சென்றவரும், மக்களவையின் முதல் சபாநாயகராக விளங்கியவருமான மாவ்லங்கர் பெருமகனார்! அகிம்சை நெறியில் நின்ற ஒருவர் இவ்விளையாட்டை வளர்க்க முன்வந்தார் என்றால், இதில் வன்முறைக்கு மாறான ஒரு பண்பு இருக்க வேண்டுமன்றோ?

அப்பண்பு யாது? போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டும். ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். துப்பாக்கியை உயர்த்துகிறோம், மூச்சை விட்டு நிறுத்துகிறோம், இலக்கைப் பார்க்கிறோம். சில நொடிகளுக்குள் கை நிலைபெறாவிட்டால், அல்லது மனம் சற்றே அசைந்தால், என்ன செய்ய வேண்டும்? சுடக் கூடாது. துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழகுவோர் அனைவர்க்கும் மிகக் கடினமானது இதுதான். 'இவ்வளவு நேரம் பிடித்துவிட்டோமே, விட்டுவிடுவதா?' என்று உள்ளம் அவசரப்படும். அந்த அவசரத்தில் விசையை இழுத்தவனின் குண்டு கருவட்டத்திற்கு வெளியே கிடக்கும். சுடுவது இக்கலையின் பாதி. சுடாமல் இறக்குவது மறுபாதி. கோபம் வந்தவுடன் சொல்லை வீசுவதும், கையை ஓங்குவதும், கைப்பேசியில் கண்டதை எழுதி அனுப்புவதும் மலிந்துவிட்ட இக்காலத்தில், 'இப்போது வேண்டாம்' என்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை ஒரு பிள்ளைக்கு வேறு எந்த விளையாட்டு இத்துணை அழுத்தமாகக் கற்றுத் தருகிறது?

ஆயினும் ஒன்று சொல்வேன். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொம்மை அன்று. கண்ணைப் பறிக்க வல்லது. ஆகவே அது கூடத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வர வேண்டியதில்லை. பயிற்சியாளரின் கண்முன் அல்லாமல் பிள்ளைகள் அதைத் தொடவும் வேண்டியதில்லை.

இரண்டாவது தடை நம் நெஞ்சை நெருடுவது. 1991 டிசம்பரில் காவிரி நீர்ச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழர்க்கு நேர்ந்த இன்னல்களை நம் பெரியோர் மறக்கவில்லை. 'பிறர் கண்ணில் படாமல் வாழ்வதே நலம்' என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. அவர்கட்கு நான் அக்கூடத்தின் வரிசையைக் காட்ட விரும்புகிறேன்.

என் வலப்பக்க மேசையில் நிற்பவர் படையிலிருந்து ஓய்வுபெற்ற கன்னடப் பெரியவர். இடப்பக்கத்தில் கணிப்பொறி நிறுவனத்தில் பணிபுரியும் ஆந்திர இளைஞர். அவருக்கு அப்பால் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இசுலாமிய அன்பர் ஒருவர், ஒற்றைக் கையால் பிஸ்டல் பழகுகிறார். கடைசி மேசையில் கல்லூரி மாணவி ஒருத்தி. புள்ளிக் கணக்கில் எங்கள் அனைவரையும் வெல்பவள் அவளே! ஒருவர் குண்டு தீர்ந்தால் மற்றவர் டப்பாவிலிருந்து கொடுக்கிறார். ஒருவர் அட்டையை எல்லாரும் கூடிப் பார்த்து, 'இடப்புறம் ஒதுங்குகிறது, பார்வைக் குறியைத் திருகுங்கள்' என்கிறார்கள். ஏனெனில் அங்கே ஒருவர்க்கு ஒருவர் எதிரி இல்லை. அண்டையில் நிற்பவர் என் குண்டைத் தடுப்பதும் இல்லை. நான் அவர் குண்டைத் தடுப்பதும் இல்லை. அவரவர்க்குப் போட்டி அவரவர் மூச்சே.

என் கை நடுங்கும்போதெல்லாம் அக்கன்னடப் பெரியவர் மெல்லிய குரலில், 'நிதான, தம்மா, நிதான' என்பார். மெதுவாக என்பது அவர் மொழியில் அதற்குப் பொருள். நம் மொழியிலோ நிலைதவறாமை என்ற பொருளும் அதில் உண்டு. ஒரே சொல், இரு மொழி, இரண்டு பொருளும் அவ்விடத்திற்குப் பொருந்துகின்றன. மறைந்து வாழ்வதால் அண்டை அயலாரின் நம்பிக்கை வளராது. ஒரே கோட்டில் தோளோடு தோள் நின்று பழகினால்தான் வளரும்.

இந்நகரத்துப் பிரகாஷ் நஞ்சப்பாவின் வரலாற்றை எனக்குச் சொன்னவரும் அப்பெரியவரே. கனடாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய நஞ்சப்பா, 2013இல் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டில் ஸ்பெயினில் போட்டிக்குச் சென்ற இடத்தில் அவர் முகத்தின் ஒரு பக்கம் வாதத்தால் செயலிழந்தது. குறி பார்ப்பவனுக்குக் கண்ணும் முகமும் தளர்ந்தால் வேறென்ன மிஞ்சும்? அவர் தளரவில்லை. அடுத்த ஆண்டே கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி வென்றார். இவ்வரலாற்றைச் சொன்ன பெரியவருக்கு நான் நம் இளவேனில் வாலறிவனைப் பற்றிச் சொன்னேன்.

தாய்மார்களே, இப்பெயரை நினைவிற் கொள்ளுங்கள். 1999இல் கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில். நம்மைப் போலவே வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். அங்கே, சென்னையில் பிறந்தவரும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவருமான ககன் நாரங் நிறுவிய பயிற்சிக் கழகத்தில் பழகினார். 2019இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளி எடுத்தார். சராசரி பத்தரைக்கும் மேல்! எனினும் கிடைத்தது பத்தாம் இடம். இறுதிச் சுற்றுக்குச் செல்வோர் எண்மரே. அத்துடன் அவர் துப்பாக்கியை மடக்கி வைத்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் கசகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். குடியேறிய மண்ணில் ஒதுங்கி வாழ்ந்திருந்தால் அப்பெண்ணை நாடு அறிந்திருக்குமா?

மூன்றாவது தடை, செலவு. உயர்தரப் போட்டித் துப்பாக்கியின் விலை இலட்சக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. ஆயினும் தொடக்கநிலையில் எவரும் அதை வாங்க வேண்டியதில்லை. கூடத்தின் துப்பாக்கியிலேயே பழகலாம். ஒரு லிட்டர் நீர் நிரப்பிய புட்டியைக் கை நீட்டி அசையாமல் பிடித்துப் பழகுவது பிஸ்டலுக்கு நல்ல பயிற்சி. அதற்குக் காசு வேண்டுமா? எஞ்சுவது கூடத்தின் கட்டணமும் குண்டின் விலையுமே.

மேலும் இது செல்வர்க்கே உரியது என்போர்க்கு நம் இரயில்வேயிலிருந்தே ஒரு சான்று உண்டு. கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை பார்த்த ஸ்வப்னில் குசாலே, 2024 ஆகஸ்ட் 1 அன்று ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். மண்டியிட்டும் படுத்தும் சுடும் நிலைகளில் பின்தங்கியிருந்தவர், நின்று சுடும் நிலையில் முன்னேறி மூன்றாமிடம் பிடித்தார். அப்பிரிவில் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. அன்று எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் சற்று நேரம் மூடியே கிடந்தன என்பதை மேலதிகாரிகள் மன்னிப்பார்களாக!

நம் பிள்ளைகள் அனைவரும் பதக்கம் வெல்வர் என்று நான் ஆசை காட்டவில்லை. என் அட்டைகளைப் பார்த்த எவரும் அத்தகைய ஆசை கொள்ளார். பதக்கம் சிலர்க்கே, நிதானம் எல்லார்க்கும் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுமலரின் விளம்பர வருவாயில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் நம் குடியிருப்பின் பிள்ளைகள் நால்வர்க்கு, அவருள் இருவர் பெண்களாக, கூடத்தின் கட்டணத்தைச் சங்கமே செலுத்த வேண்டும். அவர்களை ஞாயிறுதோறும் அழைத்துச் சென்று திரும்பக் கொணரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஐயமுள்ள பெற்றோர் முதல் மாதம் உடன் வந்து, பின்னாலுள்ள விசிப்பலகையில் அமர்ந்து பார்க்கட்டும். பார்த்த பின்னும் வேண்டாம் என்றால் நான் வற்புறுத்தேன். வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர இசைவு தருமாறு தலைவரவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.