நடிகனும் தொழிலாளிதான்!

(கோலசிலாங்கூரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நடிப்புத் துறையில் பாதுகாப்பும் உடல்நலமும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டதும் என் தோழி சிரித்துவிட்டாள். "நடிகருக்கு என்னடி ஆபத்து? குடை பிடிக்க ஒருவர், விசிறி வீச ஒருவர் இருப்பாரே!" என்றாள். அது சென்னையில், அதுவும் கதாநாயகனுக்கு. நம் நாட்டுத் தமிழ் நாடகங்களில் குடை பிடிப்பவரும் நடிகர்தான். தம் காட்சி முடிந்ததும் அடுத்தவருக்குக் குடை பிடிப்பார்.

என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, சின்னச் சின்ன நிகழ்ச்சிகளை அறிவித்துக் கொண்டிருந்த காலம். ஒரு தீபாவளி டெலிமூவியில் நடிக்க வாய்ப்பு வந்தது. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன லயத்தில் படப்பிடிப்பு. விறகு சுமக்கும் பெண் வேடம் எனக்கு. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டாயிற்று.

போய் இறங்கியதும் நாங்கள் பெண்கள் ஐந்து பேரும் தேடியது ஒன்றைத்தான்: கழிவறை. இல்லை. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. என்ன செய்வது? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டோம். இது பெண்களுக்குப் பழகிப்போன தீர்வு.

பிற்பகல் இரண்டு மணி. தலையில் விறகுக் கட்டு, ஓடிக்கொண்டே அழ வேண்டிய காட்சி. மூன்றாவது டேக்கில் கண் இருட்டியது, விழுந்தேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "ரொம்ப இயற்கையா இருக்கு!" என்று யாரோ சொன்னது மட்டும் காதில் கேட்டது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பாட்டிதான் முதலில் ஓடி வந்தார். நிழலுக்கு இழுத்துப் போய், சேலையைத் தளர்த்தி, ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்தார். எனக்கு நினைவு தெளிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நாங்க நாப்பது வருசம் இந்த வெயில்ல வேலை செஞ்சவங்க. காலையில பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க. பசியாற நேரம் விடுவாங்க. ஒருத்தி விழுந்தா மண்டோர் பதில் சொல்லணும். உனக்கு யாரும்மா மண்டோரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று வரை அந்தக் கேள்வி என்னோடு வருகிறது.

தோட்டம் கற்றுக் கொடுத்த பாடம்

நாம் நின்று கொண்டிருக்கும் மண்ணை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். காட்டை வெட்டி வேலை செய்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. அவர்களுக்கு எதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1969-இல் சொக்சோ சட்டம் வந்தது. குடிநீர், மருத்துவம், விடுமுறை, விபத்துக்கு இழப்பீடு என ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார்கள்.

அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று நடிக்க வருகிறார்கள். தாத்தா போராடிப் பெற்றதைப் பேரன் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறான். காரணம், நடிப்பை அவன் வேலையாகவே நினைப்பதில்லை. "வாய்ப்பு" என்று நினைக்கிறான். வேலை என்றால் உரிமை கேட்கலாம். வாய்ப்பு என்றால் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய படங்களிலும் நடந்திருக்கிறது

சின்னத் தயாரிப்பில்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். மலையாள நடிகர் ஜெயன் 1980 நவம்பர் 16-இல், சென்னைக்கு அருகே சோழவரத்தில் 'கோளிளக்கம்' படப்பிடிப்பில் ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்கும் காட்சியில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. எடுத்தது போதும் என்றிருந்த நிலையிலும், இன்னும் ஒரு முறை எடுக்கலாம் என்று அவரே கேட்டதாகச் சொல்வார்கள்.

2020 பிப்ரவரி 19 இரவு, சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கனமான விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். கமல்ஹாசனும் இயக்குநர் ஷங்கரும் மயிரிழையில் தப்பினார்கள். இறந்த மூவரும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். 2025 ஜூலை 13-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில், பா. ரஞ்சித் இயக்கிய படத்துக்காகக் கார் பாய்ந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் மாண்டார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் அவர்.

பணமும் பெயரும் அனுபவமும் இருந்த இடங்களிலேயே இப்படி என்றால், ஒரு வேன், ஒரு கேமரா, மூன்று நாள் அவகாசம் என்று ஓடும் நம் குழுக்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நம் வட்டாரத்து ஆபத்துகள்

நம் பகுதியில் சண்டைக் காட்சியைவிடச் சாதாரணக் காட்சிகளே அதிகம் கெடுதல் செய்கின்றன.

முதலாவது வெயில். தொடர்ந்து மூன்று நாள் 35 பாகைக்கு மேல் போனாலே வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுக்கும். அந்த வெயிலில் ஜிகினாப் புடவையும் கோட்டும் போட்டு ஆடினால் உடல் என்ன ஆகும்? தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போக வேண்டும். ஒருவர் உளறுகிறார், நிதானம் இழக்கிறார், உடல் அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம். உயிரைக் குடிக்கும். 999-ஐ அழையுங்கள், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும்.

இரண்டாவது நீர்நிலை. பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக் குட்டைகள் நிறைய. பார்வைக்குப் பச்சை நீலமாக அழகாக இருக்கும். கரை மணல் சரியும், இரண்டடி தள்ளினால் ஆழம் தெரியாது. நீச்சல் தெரிந்தவரும் அங்கே தப்புவது கடினம். காதல் பாட்டுக்கு அந்த இடம் வேண்டவே வேண்டாம். சாசாரான் கடலோரத்து "வானக் கண்ணாடி" மணல் திட்டும் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், நீர் வற்றும்போது மட்டுமே அது வெளியே தெரியும். நீர் ஏறும் நேரம் தெரிந்த படகோட்டி "போகலாம்" என்றால் போய்விட வேண்டும். இயக்குநர் "இன்னும் ஒரு ஷாட்" என்றாலும் சரி.

மூன்றாவது தோட்டம். எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். காய்ந்த மட்டைக் குவியலில் வெறுங்காலோடு ஓடுவதும் உருளுவதும் கூடாது. காட்சிக்கு வெறுங்கால் தேவை என்றால் அந்தப் பாதையை முன்னாலேயே பெருக்கி, தோட்டத்து ஆள் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். பிற்பகலில் இடி கேட்டால் செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் அல்லது வாகனத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வந்தால் போதும்.

நான்காவதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை: வீட்டுக்குத் திரும்புவது. இரவு முழுக்கப் படப்பிடிப்பு, விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் காராங்கிலிருந்து கிள்ளான் வரை. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. கண் ஒரு நொடி மூடினால் முடிந்தது. தம்பிகளே, படப்பிடிப்பு இடத்திலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். அம்மா காத்திருப்பார், தாமதமாக வந்தால் திட்டுவார், அவ்வளவுதான்.

சொல்லத் தயங்கும் ஆபத்து

தாய்மார்கள் இருக்கும் சபை, அதனால் மறைக்காமல் பேசுகிறேன். கேரளத்தில் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தார்கள். 2019 இறுதியில் அறிக்கை கொடுக்கப்பட்டது. அது வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆனது. பாலியல் தொல்லைகளோடு, அந்த அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. படப்பிடிப்பில் கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த லயம் ஞாபகம் வந்தது. நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

நம் நாட்டில் 2022-இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் செய்யலாம். இழப்பீடு 250,000 வெள்ளி வரை போகலாம். அவசர உதவிக்குத் தாலியான் காசே 15999 எண் உண்டு. தங்கைகளே, நடிப்புத் தேர்வு பகலில், அலுவலகத்தில் நடக்கட்டும். தனியே ஓட்டல் அறைக்கு அழைத்தால் அது தேர்வு அல்ல. குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் "நீ ஏன் போனாய்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை.

சொக்சோ நடிகருக்கும் உண்டு

பாட்டியின் கேள்விக்கு இப்போது பாதிப் பதிலாவது இருக்கிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த அந்தத் திட்டம், 2020 முதல் கலைத் துறையினருக்கும் விரிந்தது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வருமான அளவில் 1.25 விழுக்காடு கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணம், ஊனமானால் உதவி, உயிர் போனால் குடும்பத்துக்கு மாத உதவி எல்லாம் இதில் அடங்கும். ஆனால் விழுவதற்கு முன் கட்டியிருக்க வேண்டும். விழுந்த பிறகு கட்டினால் அந்த விபத்துக்குக் கிடைக்காது.

"கேட்டால் வாய்ப்புப் போய்விடுமே அக்கா?" என்று ஒரு தம்பி சற்று முன் கேட்டார். பொய் சொல்லமாட்டேன், போகலாம். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு "கழிவறை உண்டா?" என்று நான் கேட்ட ஓரிடத்திலிருந்து மறுபடி அழைப்பே வரவில்லை. வருத்தமாக இருந்தது. ஆனால் ஒருத்தி கேட்டால் அடம். ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் நியாயம். நம் தாத்தாக்கள் சங்கம் வைத்ததும் அதற்குத்தானே? தயாரிப்பாளர்களும் எதிரிகள் அல்லர், பலர் கடன் வாங்கித்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும், ஒரு நாள் வாடகைக் கழிவறைக்கும் ஆகும் செலவு, ஒருவர் மயங்கி விழுந்து பாழாகும் அரை நாள் படப்பிடிப்பைவிடக் குறைவு.

ஆகவே, ஒப்புக்கொள்ளும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். குடிநீரும் கழிவறையும் உண்டா? எத்தனை மணிக்கு முடியும்? ஆபத்தான காட்சி உண்டா, அதற்குத் தேர்ந்தவர் யார்? பக்கத்து மருத்துவமனை எது, கொண்டுபோக வண்டி எது? அடிபட்டால் பொறுப்பு யாருக்கு? குழு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்தில் இருந்தது போல, காலையில் ஒரு பெரட்டு வையுங்கள். பத்து நிமிடம் போதும். இன்றைய காட்சி என்ன, ஆபத்து என்ன என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாலையில் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று ஒருமுறை பெயர் கூப்பிடுங்கள்.

அந்தப் பாட்டியை அதன்பின் நான் பார்க்கவில்லை. அந்த லயமும் இப்போது இல்லை. என்றாவது சந்தித்தால், "பாட்டி, எங்களுக்கு மண்டோர் நாங்களே தான். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல ஆசை. அதை உண்மையாக்க வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள்.