நெஞ்சு வலித்தால் வண்டியை நிறுத்து!

(பஸ் தொழிலாளர் குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், டியூட்டி நேரம் என்று எத்தனையோ விஷயங்களை இந்த டெப்போ வாசலில் நின்று நாம் பேசியிருக்கிறோம். இன்று உயிரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். சென்ற ஆண்டு நம்மோடு இருந்த டிரைவர் தோழர் ஒருவர் இன்று இல்லை. அதே மாரடைப்பு கண்ட கண்டக்டர் தோழர் ஒருவர், இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த இருவரையும் பிரித்தது விதி என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. இருவரையும் பிரித்தது சில மணி நேரம்.

டிரைவர் தோழருக்குப் பத்து நாட்களாகவே அறிகுறி இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்தும், நின்றால் விட்டுவிடும். "வாய்வு" என்றார். சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார். நாமும் "ஆமாம், வாய்வுதான்" என்று தலையாட்டினோம். கடைசி நாளன்று அதிகாலை முதல் டிரிப்பிலேயே நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல் பாரம். சட்டை நனைய வியர்வை. பாதி வழியில் இறங்கினால் அன்றைய சம்பளம் போகும், மெமோ வரும் என்ற பயம். பல்லைக் கடித்துக்கொண்டு டிரிப்பை முடித்தார். தாமே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மாலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றபோது காலம் கடந்துவிட்டது.

கண்டக்டர் தோழருக்கு நண்பகலில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது இடது கை கனத்தது. வலி தாடை வரை ஏறியது. அவர் மறைக்கவில்லை. டிரைவரிடம் சொன்னார். டிரைவருக்கு முன்பு நடந்த சாவு நினைவிருந்தது. வண்டியை ஓரங்கட்டி 108-ஐக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட்டது. சில மாதங்களில் தோழர் மறுபடி பையைத் தோளில் மாட்டினார்.

இவ்வளவுதான் வித்தியாசம். இதிலிருந்து நாம் பாடம் கற்க வேண்டாமா?

மாரடைப்பு என்றால் என்ன?

இருதயம் ஒரு தசை. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக் கணக்கில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை ரத்தமில்லாமல் தவிக்கிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான். செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

மாரடைப்பு வந்தால் உடனே மரணம்தான் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நினைத்தார்கள். 1912-ம் ஆண்டில் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் அது சரியல்ல, பிழைப்பவர்களும் உண்டு என்று எடுத்துக் காட்டினார். ஆனாலும் வெகுகாலம் வரை, வாரக் கணக்கில் படுக்கையில் கிடத்தி வைப்பதே பெரிய வைத்தியமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. குழாய்க்குள் சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை விலக்கும் முறையும் இருக்கிறது. 1988-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 17,187 நோயாளிகள் சேர்ந்தார்கள். சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே சாவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்தபோது சாவு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன் என்பதும் தெளிவாயிற்று.

ஆகவே வைத்தியம் இருக்கிறது. வைத்தியத்திடம் நாம் நேரத்தில் போய்ச் சேருகிறோமா என்பதே கேள்வி.

அறிகுறிகள்

நடு நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல் அல்லது பாரம். "வலி" என்றே தோன்ற வேண்டும் என்பதில்லை. அது கைக்கோ, தோளுக்கோ, முதுகுக்கோ, கழுத்துக்கோ, தாடைக்கோ, மேல் வயிற்றுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல் கூட வரலாம்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அது லேசாக இருந்து, மூச்சு வாங்குவதும், காரணமில்லாத அசதியும், வாந்தியும், முதுகு வலியுமே பெரிதாகத் தெரியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். "வீட்டு வேலை அலுப்பு" என்று தள்ளிவிடாதீர்கள்.

முன்னெச்சரிக்கையும் உண்டு. நடந்தால், படியேறினால் நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறதா? அன்றே டாக்டரைப் பாருங்கள். முன்பு நான்கு மாடி ஏறி வந்த இறுக்கம் இப்போது ஒரு மாடியிலேயே வருகிறதா, சும்மா இருக்கும்போதே வருகிறதா? அது அபாய மணி. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாய்வா, மாரடைப்பா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் சொல்லட்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் வலி நீடித்தால், மறுபடி எடுக்கும்படி கேட்கத் தயங்காதீர்கள். வாய்வு என்றே தெரிந்தாலும் வெட்கமில்லை. சந்தோஷமாக வீடு திரும்பலாம்.

செய்ய வேண்டியது என்ன?

டிரைவராக இருந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். உங்கள் பின்னால் ஐம்பது உயிர்கள் இருக்கின்றன. 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்கவோ, சைக்கிள், ஸ்கூட்டர் ஓட்டவோ கூடாது. சாய்ந்து உட்காருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்தக் கசிவு நோயோ இல்லாதவர்கள், 108-ல் பேசுகிறவரிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று ஒரு செய்தி உலவுகிறது. அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் கிராமங்களுக்கும் வழி உண்டு. 2023-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், இருதயம் நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, மேல் ஒரு கையும் சேர்த்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும் வரை அழுத்துங்கள். 1960-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் உலகுக்குச் சொன்ன முறை இது. இரண்டு கைகள் இருந்தால் போதும், யாரும் செய்யலாம் என்பதே அவர்கள் சொன்ன விஷயம்.

நம் தொழிலும் நம் இருதயமும்

1953-ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, இரட்டை மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. உடம்புக்கு அசைவு வேண்டும் என்பதை உலகத்துக்கு உணர்த்தியவர்கள் நம்மைப் போன்ற பஸ் தொழிலாளர்கள்தான். ஆகவே டிரிப்புக்கு டிரிப் இறங்கி நடப்போம். பீடி, சிகரெட்டை விடுவோம். விட்ட ஓராண்டுக்குள் ஆபத்து பெருமளவு குறைகிறது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வோம்.

தோழர்களே! ஒருவர் நெஞ்சு வலியை மறைப்பது அறியாமையால் மட்டுமல்ல. கூலி போகும் என்ற பயத்தாலும்தான். ஆகையால் நாம் கேட்பது மூன்று. நெஞ்சு வலிக்காக இறங்கிய தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் வெட்டு இல்லை, மெமோ இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றப் பயின்றவர்கள் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும்.

இது நிர்வாகத்திடம் கேட்பது. நம்மிடம் நாமே கேட்பது ஒன்று உண்டு. பக்கத்துத் தோழர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று சொன்னால், இனி நாம் தலையாட்டக் கூடாது. அன்று தலையாட்டினோம், ஒரு தோழரை இழந்தோம். டிரிப் நாளைக்கும் ஓடும். போன தோழர் திரும்ப மாட்டார்.