பிறர் படைத்த மாந்தரும் நம் எழுத்தும்



காஹாங்கிற்கு வரும் வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். என் மனமோ ஒரு பழைய விடைத்தாளிலேயே நின்றது. நான் இளம் விரிவுரையாளனாக இருந்தபோது மாணவி ஒருத்தி, 'பொன்னியின் செல்வன்' நந்தினியை வைத்துத் தானே ஒரு கதை எழுதித் தந்தாள். "சொந்தக் கற்பனை அன்று" என்று சிவப்பு மையால் எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்தத் தீர்ப்பு பிழையானது.

ஒரு படைப்பில் ஆழ்ந்த வாசகர் அதன் மாந்தரைக் கொண்டு மேலும் எழுதுவதை ரசிகர் புனைவு என்கிறோம். ('விசிறிப் புனைவு' என்பாரும் உளர். ஆங்கிலச் சொல் அங்கே காற்று வீசும் கருவியைக் குறிப்பதன்று. வெறியர் எனப் பொருள்படும் சொல்லின் குறுக்கம். நகைப்புக்கு ஆகும், கலைச்சொல்லுக்கு ஆகாது.) பெயர்தான் புதிது. சிலப்பதிகாரத்தில் சிறிதே இடம்பெறும் மாதவியின் மகளைச் சாத்தனார் தனிக் காப்பியத்தின் தலைவியாக்கினார். கல்கியின் புதினம் 1954இல் நிறைவுற்றபோது, பின்னர் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டனர். அவர் முடிவுரை எழுதி விடை கூற நேர்ந்தது. அது போதாமல், விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார்.

இவற்றினும் எனக்கு உயர்ந்த சான்று, புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்'. கல்லாக இருந்து மீண்ட அகலிகையிடம் சீதை தன் தீக்குளிப்பைச் சொல்கிறாள். இராமனா அதைக் கேட்டான் என்று அகலிகை வினவுகிறாள். முதலில் அவள் நாவில் வருவது 'அவர்' என்னும் உயர்வுச் சொல். சீதை ஆம் என்றதும், அதே வினா 'அவன்' என்று திரும்புகிறது. ஒரு விகுதி மாற்றத்தில் ஒரு பெண்ணின் நம்பிக்கை முழுவதும் சரிகிறது. அவள் மீண்டும் கல்லாகிறாள். மாந்தர் வால்மீகிக்கும் கம்பருக்கும் உரியவர்கள். அந்த விகுதி புதுமைப்பித்தனுடையது.

ஆசிரியர்களே, மாணவர் பிறர் படைத்த மாந்தரை எடுத்து எழுதினால், "யாருடைய மாந்தர்?" என்று தொடங்காதீர்கள். மூலத்தில் இல்லாத எது இதில் நிகழ்கிறது என்று பாருங்கள். அந்த மாந்தரின் பேச்சு அதைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள். வந்தியத்தேவன் குந்தவையை ஒரு காரணமுமின்றி 'நீ' என விளித்தால், எழுதியவர் மூலத்தைச் சரியாகப் படிக்கவில்லை. காரணத்தோடு விளித்தால், அங்கே கதை பிறக்கிறது. இவ்வகை எழுத்தில் பெரும்பகுதி வெறும் ஆசை நிறைவேற்றம் என்பது உண்மையே. நம் சொந்தக் கற்பனைக் கதைகளில் பெரும்பகுதியும் அவ்வாறே அல்லவா?

அம்மாணவியின் கதையில் கரிகாலனை 'நீங்கள்' என்றே அழைத்துவந்த நந்தினி, கடைசி வரியில் 'நீ' என்கிறாள். ஒருமை பன்மை மயக்கம் என்று நான் அதை வட்டமிட்டிருந்தேன்.