பதினைந்து ஆண்டு வரிசை

(அம்பத்தூரில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "அக்கா, இட ஒதுக்கீடு பத்திப் பேசுங்க" என்றார். "தடுப்பூசி பத்திப் பேசறேனே" என்றேன். சிரித்தார். அது அரசாங்கம் பார்த்துக்கொள்கிற வேலை, அதில் இயக்கம் பேச என்ன இருக்கிறது என்பதுதான் அந்தச் சிரிப்பு.

1994. எனக்கு ஒன்பது வயது. பட்டரைவாக்கத்தில் ஒற்றை அறை வீடு, ஆறு பேர். அப்பாவுக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. தம்பி ஏழு மாதக் குழந்தை. முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் பால் குடிக்கவில்லை, உச்சிக்குழி புடைத்துக்கொண்டது. இரவில் கை கால் இழுத்தது. ஆயா ஜன்னி என்றது, மந்திரித்தார்கள். தெருமுனை டாக்டர் இரண்டு முறை ஊசி போட்டார். மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரி. மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். எடுத்தால் பிள்ளை முடமாகிவிடும் என்று யாரோ சொல்லி அப்பா வேண்டாமென்றார். மறுநாள் விடியலில் தம்பி இல்லை. எந்தக் கிருமி கொன்றது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அது 'ஜன்னி வந்து போன குழந்தை', அவ்வளவுதான்.

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறையில் கிருமி புகுந்து வீங்குவதைத்தான் பேச்சுவழக்கில் மூளைக்காய்ச்சல் என்கிறோம். வைரஸாலும் வரும், காசநோய்க் கிருமியாலும் வரும். பாக்டீரியாவால் வருவது மிகக் கொடியது. அது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற கடும் பாதிப்பு தங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சிளங்குழந்தைப் பருவம் தாண்டியதிலிருந்து ஐந்து வயதுவரை இதற்கு முக்கியக் காரணம் இரண்டு பாக்டீரியாக்கள். ஒன்று 'ஹிப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகை. இன்னொன்று நிமோகாக்கஸ். இரண்டும் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருப்பவை, இருமலிலும் தும்மலிலும் பரவுபவை. ஒரே அறையில் ஆறு பேர் படுத்தால், அடுப்புப் புகையும் அதே அறையில் சுற்றினால், அவற்றுக்கு வேலை சுலபம். சேரி என்று ஊர் ஒதுக்கி வைத்த இடத்தில் வீடு எத்தனை அடி இருக்கும் என்பதை இந்த அவையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஹிப் தடுப்பூசியை பிரிட்டன் 1992லேயே எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 1990களின் கடைசியில் தனியார் கிளினிக்குகளுக்கு வந்தது. காசு இருந்த வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக எப்போது வந்தது? 2011 டிசம்பரில், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் ஒன்றாக. அதுவும் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். நிமோகாக்கஸ் ஊசி 2006ல் தனியாருக்கு வந்தது. பின்னால் வந்த பதின்மூன்று வகைக் கிருமிகளுக்கான ஊசி ஒரு டோஸ் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று டோஸ் என்றால் எங்கள் தெருவில் அது இரண்டு மாத வாடகை. அரசு அட்டவணையில் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு அது கிடைத்தது 2021ல். பதினைந்து ஆண்டு. ஒரே ஊர், ஒரே கிருமி. ஒரு பிள்ளை 2006லேயே உள்ளே போய்விட்டது, இன்னொன்று பதினைந்து ஆண்டு வெளியே வரிசையில் நின்றது. அந்த வரிசையில் யார் நின்றார்கள் என்று சாதிவாரியாக யாரும் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை என்று நினைக்கிறவர்களுக்கு நம் ஊரைத் தெரியாது.

ஏன் இவ்வளவு தாமதம்? பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தச் சாவுகள் கணக்கில் வராததுதான். 2008ல் தேசிய தடுப்பூசி ஆலோசனைக் குழு ஹிப் ஊசியைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் ஹிப் அவ்வளவாக இல்லை, கம்பெனி லாபத்துக்காகத் திணிக்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போடப்பட்டது. வழக்குப் போட்டவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். மருந்துக் கம்பெனிகளைச் சந்தேகிப்பது நியாயமான பழக்கம். ஆனால் 'நோய் குறைவு' என்ற எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தால்தான் எண்ணிக்கை. தெருமுனை டாக்டர் ஆன்டிபயாடிக் போட்ட பிறகு நீர் எடுத்தால் கிருமி வளர்வது கடினம். நீரே எடுக்காத பிள்ளை கணக்கிலேயே இல்லை. என் தம்பி எந்தப் பதிவேட்டிலும் ஹிப்பும் இல்லை, நிமோகாக்கஸும் இல்லை. ஏழைப் பிள்ளையின் சாவைப் பதியாமல் விட்டுவிட்டு, பதிவில் இல்லாததையே 'நோய் இல்லை' என்பதற்கு ஆதாரமாக்குகிறார்கள்.

எண்ணத் தொடங்கியவர்களில் ஒரு நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐயப்பாக்கத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்று பலகை பார்த்திருப்பீர்கள். 2012 முதல் நாட்டின் பல மருத்துவமனைகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பாக்டீரியா மூளைக்காய்ச்சலைக் கண்காணித்த வலையமைப்பை ஒருங்கிணைத்தது அவர்கள்தான். உறுதியான நோயாளிகளில் பெரும்பகுதி நிமோகாக்கஸ் என்று அந்தத் தரவு காட்டியது. அந்த ஊசி இல்லாமல் நாம் வரிசையில் நின்ற ஆண்டுகள் அவை.

ஊசி என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடு. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு நடந்த பகுதியில், ஒரு வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்டோருக்கு ஹிப் மூளைக்காய்ச்சல் வந்தது. 1997ல் ஊசி தொடங்கினார்கள். 2002ல் ஒன்றுகூட இல்லை. உலக அளவில் 2000க்கும் 2015க்கும் இடையே, நிமோனியாவையும் சேர்த்து, ஹிப்பால் நிகழும் குழந்தைச் சாவுகள் 90 சதவீதமும், நிமோகாக்கஸ் சாவுகள் 51 சதவீதமும் குறைந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஹிப் ஊசி முன்னால் போனது, நிமோகாக்கஸ் ஊசி விலையில் சிக்கிப் பின்னால் வந்தது. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். குலக்கல்வித் திட்டத்தால் 1954ல் பதவி விலக நேர்ந்த ராஜாஜி, அடுத்த ஆண்டே இன்னொரு போரைத் தொடங்கினார், பி.சி.ஜி. ஊசிக்கு எதிராக. தனி நூலே போட்டார். ஒன்றிய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நேர்மையாக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். 1968ல் நம்முடைய இந்தத் திருவள்ளூர் பக்கத்தில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து நடந்த பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்றே காட்டியது. ஆனால் கைக்குழந்தைகளைக் கொல்லும் காசநோய் மூளைக்காய்ச்சலை அது நன்றாகவே தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானது. பிறந்தவுடன் பிள்ளையின் இடது தோளில் விழுகிற அந்தத் தழும்பு அதற்காகத்தான். ராஜாஜி பேச்சைக் கேட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

2017ல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திகள் நினைவிருக்கும். 'கார்ப்பரேட் சதி', 'மரபு மருத்துவம் போதும்' என்று பகிர்ந்தவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜாஜியின் வரிகளையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியைக் கேள்வி கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. விலையைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவின் மெனிங்கோகாக்கஸ் ஏ வகைக்கு ஊசி செய்தபோது, எவ்வளவு கொடுக்க முடியும் என்று அந்த நாடுகளிடம் முதலில் கேட்டுவிட்டு, அரை டாலருக்கும் குறைவான விலையில் புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரிக்கவைத்தார்கள். 2010ல் போடத் தொடங்கினார்கள். அந்த வகைக் கொள்ளைநோய் அங்கே ஏறக்குறைய ஒழிந்தது. விலை என்பது விதி அல்ல, பேரம். ஊசியே வேண்டாமென்பவர் அந்தப் பேரத்தில் உட்காரவே மாட்டார்.

தமிழ்நாட்டில் எல்லா அடிப்படை ஊசிகளும் போட்ட குழந்தைகள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 70 சதவீதம், 2019-21ல் 89. நல்ல முன்னேற்றம். வெயிலில் ஐஸ் பெட்டி தூக்கி நடந்த செவிலியர்களின் கால்களுக்குத்தான் அந்தப் பெருமை. மீதிப் பதினொன்று யார்? அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னாலும், ஆவடியிலும், பூந்தமல்லி சாலையில் கட்டடம் எழும்பும் இடங்களிலும் தகரக் கொட்டகைகளைப் பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களிலும் பலர் அங்கே ஒதுக்கப்பட்ட சாதிகள்தான். ஆறாவது வாரம் ஊரில் ஒரு ஊசி, பதினான்காவது வாரம் ரயிலில். ஒன்பதாம் மாதம் போடவேண்டிய நிமோகாக்கஸ் மூன்றாவது டோஸுக்குக் கேட்க ஆளில்லை. அட்டை தொலைந்துவிட்டது, தேதி தெரியாது, மொழி தெரியாது. ஊசி நாள் புதன்கிழமை. அன்று வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது.

போன மாதம் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் பதினோரு மாதப் பெண் குழந்தையைப் பார்த்தேன். இரண்டு ஊசி போட்ட அட்டை இருந்தது. மூன்றாவது ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு அந்தத் தாய் சொன்னது எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் பக்கத்துக் கொட்டகைப் பையன் மொழிபெயர்த்தான். ஆதார் இங்கே இல்லாததால் போடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனோம், போட்டார்கள். அரைமணி நேர வேலை.

வருகிற புதன்கிழமை மறுபடி போகிறோம், காலை எட்டு மணிக்கு, பட்டரைவாக்கம் ஸ்டேஷனிலிருந்து. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும்.